கீரை மேல் விழும் பழி

இதயத்தில் உலோக வால்வு வைத்துக்கொண்ட ஒருவருக்கு ஈறில் ரத்தம் கசிகிறது, சிறுநீர் சிவக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி அநேகமாக இதுதான்: “கீரை சாப்பிட்டீங்களா?” அடுத்தது: “மாத்திரையைக் கூடக்கொறச்சலா போட்டுட்டீங்களா?” தப்பு நோயாளியுடையது என்று அதோடு வழக்கு முடிந்துவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் பெரிய ஆஸ்பத்திரி இதய மருத்துவரின் சமாச்சாரம்; அதிலும் இப்போது டெஸ்ட்டே தேவைப்படாத புது மாத்திரைகள் வந்தாயிற்று; மற்ற மருத்துவர்கள் இதில் தனியாகப் படிக்க என்ன இருக்கிறது? இப்படிச் சொல்பவர்களில் மருத்துவர்களும் உண்டு.

முதலில் கீரை. அசினோகுமரால் (கடையில் அசிட்ரோம் என்று கேட்டு வாங்குவது), வார்ஃபரின் இரண்டும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பவை. கீரையில் நிறைந்திருப்பது அதே வைட்டமின் கே. கீரை கூடினால் மருந்தின் பிடி தளரும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு இறங்கும், ரத்தம் உறையும். கசியாது. வழக்கமாகச் சாப்பிட்டுவந்த கீரையைத் திடீரென்று விட்டீர்களா என்று கேட்டாலாவது பொருள் உண்டு. கீரையே கூடாது என்று சொல்லி அனுப்புவதும் தேவையற்றது. வாரா வாரம் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிட்டால் அதற்கேற்ப மருந்தின் அளவை வைத்துக்கொள்ளலாம்.

நோயாளிகள் மறப்பதுண்டு, மாற்றிப் போட்டுக்கொள்வதுண்டு. மறுக்கவில்லை. ஆனால் சொன்னபடி மாத்திரை விழுங்கியவருக்கும் ரத்தம் கசிகிறதே, அந்தக் கணக்கை யார் பெயரில் எழுதுவது?

“இதய மருத்துவர் பார்த்துக்கொள்வார்” என்பதற்கு வருவோம். ஹைதராபாத்தின் மௌலா அலியை எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் தர்கா, கீழே ஹவுசிங் போர்டு காலனி, ரயில்வே லோகோ ஷெட். 2007-ல் தொடங்கிய ஆரோக்யஸ்ரீ என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், வால்வு மாற்று அறுவையை வசதியில்லாத குடும்பங்களுக்கும் எட்டச் செய்தது. நல்ல காரியம். ஆனால் அறுவை முடிந்து சில நாளில் வீடு திரும்பும் நோயாளி, மிச்ச ஆயுளை வாழப்போவது இதுபோன்ற காலனியில்தான். சிறுவயதில் தொண்டைப்புண்ணில் தொடங்கிய ருமாட்டிக் காய்ச்சல் வால்வைத் தின்றிருந்தால் அவருக்கு வயது முப்பதுகூட ஆகியிருக்காது. வயிற்றுப்போக்குக்கும் பல்வலிக்கும் அவர் பஞ்சாகுட்டாவிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியான நிம்ஸுக்கா பஸ் ஏறுவார்? தெருமுனை கிளினிக்குக்குப் போவார்.

அங்கே வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் எழுதப்படுகிறது. நாட்டில் சர்வசாதாரணமான மாத்திரை. அசிட்ரோமையும் வார்ஃபரினையும் சிதைக்கும் கல்லீரல் நொதியை அது முடக்கும். நோயாளி ஒரு மாத்திரைகூடக் கூடுதலாகப் போடவில்லை. சில நாளில் ஐ.என்.ஆர். மட்டும் ஏறிவிடுகிறது. படைக்கு எழுதும் ஃப்ளூகோனசோலும் இதையேதான் செய்யும். மூட்டுவலி என்று போனால் இடுப்பில் டைக்ளோஃபெனாக் ஊசி: மருந்து இரைப்பையைப் புண்ணாக்கும், ஊசி இறங்கிய தசைக்குள் ரத்தம் கட்டும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறு. அது கல்லீரலை முடுக்கிவிடுவதால் ரத்தம் உறையாமலிருக்க மருந்தைக் கூட்ட வேண்டிவரும். ஆறு மாதச் சிகிச்சை முடிந்ததும் பழைய அளவுக்குக் குறைக்காவிட்டால் அப்போது ரத்தம் கசியும். இந்தச் சீட்டுகளில் ஒன்றையும் இதய மருத்துவர் எழுதவில்லை. பெரும்பாலும் அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

புது மாத்திரைகளைப் பற்றிய நம்பிக்கைதான் இவற்றில் ஆபத்தானது. ரிவரோக்சபான், அபிக்சபான், டாபிகாட்ரான் ஆகியவற்றுக்கு மாதாந்திர ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்பது உண்மை. காப்புரிமை முடிந்து விலையும் இறங்கிவிட்டது. எழுதும் கைகளும் பெருகிவிட்டன. ஆனால் உலோக வால்வு உள்ளவர்களிடம் டாபிகாட்ரானைச் சோதித்த ஆய்வு, பக்கவாதமும் ரத்தப்போக்கும் அதிகமானதால் 2012-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. ருமாட்டிக் இதய நோயோடு சீரற்ற இதயத்துடிப்பும் உள்ளவர்களுக்கு ரிவரோக்சபான் கொடுத்துப் பார்த்தது இன்விக்டஸ் ஆய்வு. டெல்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயன் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். 24 நாடுகள், 4,531 நோயாளிகள். 2022-ல் முடிவு வந்தபோது பழைய மருந்துதான் வென்றது. ரிவரோக்சபான் குழுவில் இறந்தவர்கள் அதிகம். நம் நாட்டில் ருமாட்டிக் நோய் இன்னும் ஒழியவில்லை என்பதால் இது நமக்குத் தூரத்துச் சேதியல்ல.

பொருத்தமான நோயாளிக்கு எழுதும்போதும் தெரிந்திருக்க வேண்டியவை குறைவில்லை. டாபிகாட்ரானில் எண்பது விழுக்காடு சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. கிரியேட்டினின் பார்க்காமல் எழுதக்கூடாது. ரிவரோக்சபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு எடுக்காவிட்டால் உடம்பில் முழுதாகச் சேராது. டாபிகாட்ரான் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டி விழுங்கினால் அளவு எகிறும். பழைய மருந்தில் தவறு செய்தால் ஐ.என்.ஆர். காட்டிக்கொடுக்கும். இங்கே மாதா மாதம் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை.

“சந்தேகமா, நிறுத்திடுங்க” என்பது இன்னொன்று. பல் பிடுங்கவா, ஐந்து நாள் மாத்திரை வேண்டாம் என்பார்கள். ஐ.என்.ஆர். வரம்புக்குள் இருந்தால் சாதாரணமாகப் பல் பிடுங்க நிறுத்தத் தேவையில்லை. குழியில் பஞ்சை வைத்து அழுத்தி, வேண்டுமானால் தையல் போட்டுச் சமாளிக்கலாம். உலோக வால்வில் ரத்தக்கட்டி உட்கார்ந்தால் அதை அழுத்திப் பிடிக்க முடியாது. எய்ம்ஸ் மருத்துவர்கள் 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வால்வு அடைத்துப்போய், கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றப்பட்டவர்கள் மட்டும் 120 பேர்.

இதையெல்லாம் எல்லா மருத்துவரும் நினைவில் வைத்திருக்க முடியுமா என்று கேட்பார்கள். பிரிட்டனில் 2007-ல் தேசிய நோயாளி பாதுகாப்பு முகமை ஒரு எச்சரிக்கை விடுத்தது. இம்மருந்துகளைக் கையாளும் ஊழியர்களுக்கு உரிய தேர்ச்சி இருக்க வேண்டும், ஐ.என்.ஆர். பாதுகாப்பான அளவில் இருப்பதைப் பார்த்த பிறகே மறுபடி மருந்து எழுத வேண்டும், பல் மருத்துவர் பெரும்பாலும் மருந்தை நிறுத்தாமலேயே சிகிச்சை செய்ய வேண்டும் என்றெல்லாம் சொன்னது. நினைவாற்றலை நம்பி அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை.

நம் வால்வு நோயாளிகளும் ஒரு ஐ.என்.ஆர். நோட்டு வைத்திருக்கிறார்கள். தேதி, அளவு, மாத்திரையில் எத்தனை பாகம் என்று வரிசையாக எழுதியிருக்கும். தெருமுனை கிளினிக்கில் முறைக்குக் காத்திருக்கும்போதும் அது அவர்கள் பைக்குள்தான் இருக்கிறது. மெட்ரோனிடசோல் எழுதுமுன் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்க அரை நிமிடம் போதும்.