கல்லும் பெயரும் காணாமல் போகலாமா?

திருச்சுழி, சுந்தரர் பாடிய தலம். அன்று அதன் பெயர் திருச்சுழியல். அது இருந்த நாடு, பருத்திக்குடி நாடு. இன்றும் அந்தக் கரிசலில் பருத்தி விளைகிறது. பக்கத்து அருப்புக்கோட்டையில் தறி ஓடுகிறது. எவ்வளவு பொருத்தமான பெயர்! இதைக் காத்துக் கொடுத்தவை கல்வெட்டுகள்.

பள்ளிமடம் கோவில் கல்வெட்டுகளை அரசாங்கத்தார் படியெடுத்து அச்சிட்டு விட்டார்கள். ஆனால், கண்மாய்க் கரையில் சாய்ந்து கிடக்கும் கல்லின் கதி என்ன? புஞ்சைக்கும் மடைக்கும் பெரியவர்கள் சொல்லும் பெயர்களின் கதி என்ன? பட்டாவில் இருப்பது புல எண்தான். பெரியவர் கண்ணை மூடினால், பெயரும் போய்விடும்.

ரா. பி. சேதுப்பிள்ளை 1946-ல் ஊர்ப்பெயர்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். காட்டுப் பெயர்களைப் பள்ளிப் பிள்ளைகளே கேட்டு எழுதலாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

எழுத்துள்ள கல்லைத் துவைக்கிற கல் ஆக்காதீர்கள். சுண்ணாம்பு பூசாதீர்கள். கிடக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, தாசில்தாரிடம் சொல்லுங்கள்.