பெண் மக்களும் பந்து விளையாட்டும்

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண் குழந்தை சற்று உயரமாக வளர்ந்துவிட்டால் பெற்றோர்களுக்கு உண்டாகும் கவலையை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். "பனைமரம் மாதிரி வளர்கிறாளே, இவளுக்கு மாப்பிள்ளைக்கு எங்கே போவது?" என்பதே அக்கவலை. அதே வீட்டில் பையன் உயரமாக வளர்ந்தாலோ, போலீசுக்கு ஆள் எடுக்கும்போது அனுப்பலாம் என்று சந்தோஷப்படுகிறார்கள். வளர்ச்சி ஒன்றுதான். ஆணுக்கு அது யோக்கியதை. பெண்ணுக்கு அது குற்றம்!

இந்தக் குற்றத்தைச் செய்த பெண் ஒருத்தி ஐரோப்பாவில் லாட்வியா தேசத்தில் வளர்ந்தார். உலியானா செமியோனோவா என்று பெயர். உயரம் சுமார் ஏழடி. அவரை 13 வயதில் ரீகா நகருக்கு அழைத்துப் போய்க் கூடைப்பந்து பழக்கினார்கள். சோவியத் அணிக்காக 1976, 1980 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் பெற்றார். பிறகு ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் போய் அங்குள்ள கழகங்களில் விளையாடினார். அவருக்கு மாப்பிள்ளை கிடைத்தாரா என்று நாம் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பிரான்சு என்றதும் நம் கொம்யூன் மக்களுக்கு ஒரு சொந்தம் தோன்றும். பிரெஞ்சுக்காரர் 1954ல் போனபின்பும் அவர்கள் விட்டுப்போன போலீசுச் சிவப்புத் தொப்பியை நாம் பத்திரமாக வைத்துக் கொண்டிருக்கிறோம். சொல்தா பென்ஷனையும் விடவில்லை. ஆனால் அந்நாட்டுப் பெண்கள் செய்வது மட்டும் நம் கண்ணுக்குப் படுவதில்லை. செலின் துமெர்க் என்ற பெண் 1982ல் தார்ப் ஊரில் பிறந்தவர். பந்து விளையாட்டையே ஜீவனமாகக் கொண்டவர். பூர்ஜ் நகரத்துக் கழகத்தில் பல ஆண்டுகள் விளையாடினார், ரஷ்யாவுக்கும் போனார், 2014ல் அமெரிக்காவின் அட்லாண்டா வரை போய் ஆடினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி பெற்ற பிரெஞ்சு அணிக்கு அவரே தலைவி. 2024ல் பாரிசில் அதே நாட்டுப் பெண்கள் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 67க்கு 66 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள். பூர்ஜ் ஒன்றும் பாரிசைப் போன்ற பட்டணமல்ல. சுமார் 65 ஆயிரம் பேர் வாழும் சிறு நகரந்தான். அவ்வூர்ப் பெண்கள் கழகம் 1997, 1998, 2001 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பாவிலேயே முதலாவதாக வந்திருக்கிறது.

அங்கே எல்லாம் தேனும் பாலுமாக இருக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. ஒலிம்பிக்கில் ஆண்களுக்குக் கூடைப்பந்து வைத்தது 1936ல், பெண்களுக்கு 1976ல்தான். நாற்பது வருஷம் வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். கூலியிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அங்கே பேதம் உண்டு. ஆயினும் விளையாடுகிற பெண்ணுக்கு அவள் விளையாட்டுக்காகவே கூலி உண்டல்லவா?

நிற்க. நம்மவர்களில் யாரும் இல்லையா என்றால் இருக்கிறார்கள். சென்னையில் 1985ல் பிறந்த அனிதா பால்துரை 2000 முதல் 2017 வரை இந்திய அணியில் விளையாடினார். 19ஆம் வயதில் அணித் தலைவியானார். ஆசியச் சாம்பியன் போட்டியில் 9 முறை ஆடினார். கலியாணமாகிப் பிள்ளையும் பெற்ற பிறகு, "இனி அடுப்பங்கரைதான்" என்று உட்காராமல் திரும்பவும் களத்துக்கு வந்தார். 2017ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவுப் போட்டியில் கசகஸ்தானை 75க்கு 73 என்று வென்ற அணியில் அவரும் இருந்தார். 2021ல் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தார்கள். ஆடி ஓய்ந்த பிறகுதான் நம் தேசத்துக்கு ஞாபகம் வந்தது!

இவ்வளவு பேர் பெற்றவருக்கு ஜீவனத்துக்கு ஆதாரமாயிருந்தது தெற்கு ரயில்வே உத்தியோகம். அதே ரயில்வேயில் இருந்த கேரளத்துப் பெண் கீது அன்னா ஜோஸ், ஒரு கழகத்துக்காக விளையாட 2006ல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறாத குறையாகப் போகவேண்டி வந்தது. நம் நாட்டில் பெண்ணின் பந்தாட்டம் ஒரு தொழிலாக மதிக்கப்படவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

சரி, இங்கே தடுப்பது எது? "பெண் பிள்ளை அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பலர் பார்க்க ஓடுவதா, மானம் என்ன ஆவது?" என்கிறார்கள் நமது பெரியவர்கள். பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவு காலத்தில் நம் தாய்மார்கள் சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு, பொழுதெல்லாம் குனிந்த தலை நிமிராமல் சேற்றில் நாற்று நடுகிறார்களே, அப்போது கெடாத மானம் பந்தைத் தொட்டவுடன் கெட்டுவிடுமா? வேலை வாங்குகிறவனுக்கு அந்தக் கால் தெரிவதில்லை. அவள் தனக்காக ஓடும்போதுதான் தெரிகிறது போலும். பெண்ணுடல் பலவீனமானது என்று சொல்லுகிறவர்கள் அந்த வயலில் அரைநாள் இறங்கி நின்று பார்த்துவிட்டு வரட்டும்.

இன்னொரு தடை சடங்கு. பெண் பெரியவளானாள் என்றதும் பந்தல், ஒலிபெருக்கி, சீர்வரிசைத் தட்டு, ஊர் முழுவதும் அவள் படம் போட்ட விளம்பரத் தட்டி. பந்து விளையாடினால் பலர் பார்ப்பார்களே என்று பயந்த அதே தகப்பனார்தான், அவள் உடம்பில் நடந்த சங்கதியை முச்சந்தியில் தட்டி கட்டி ஊருக்கு அறிவிக்கிறார்! அத்தோடு மாலையில் மைதானத்துக்குப் போவது நின்றுவிடுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயது. லாட்வியாப் பெண் பந்தைக் கையில் எடுத்த வயதில் நம் பெண் அதைக் கீழே வைக்கிறாள். கடன் வாங்கிச் செய்யும் இந்தச் சடங்குச் செலவில் ஒரு பகுதி போதும், அவளுக்குச் சப்பாத்தும் உடையும் பல வருஷத்துக்கு வாங்கலாம்.

ஆகவே வில்லியனூர், பாகூர்த் தோழர்களை நாம் கேட்டுக்கொள்வது கொஞ்சந்தான். உங்கள் ஊர்ப் பள்ளியில் கூடைப்பந்துக் கம்பம் இருந்தால் மாலையில் அதன் கீழே யார் நிற்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பையன்கள் மட்டுமே நின்றால் வாரத்தில் மூன்று நாள் பெண்களுக்கு விடச் சொல்லுங்கள். கம்பமே இல்லாவிட்டால் கொம்யூன் பஞ்சாயத்துக்கு மனுக் கொடுங்கள். பத்தடி உயரத்தில் ஒரு வளையம், கீழே சமமான தரை, பெண்கள் உடை மாற்ற ஓர் அறை, கூடுமானால் பழக்க ஒரு பெண் ஆசிரியை என்று எழுதுங்கள். மனுவில் தாய்மார்களும் கையெழுத்துப் போடட்டும். பந்து வாங்கும்போது ஆண்களுடைய ஏழாம் எண் பந்தை வாங்கி வந்துவிடாதீர்கள். பெண்களுக்கு உரியது அதைவிடச் சற்றுச் சிறிய ஆறாம் எண். கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.