கோலுக்கு முன் வயலின்



பெரிய இசைக்குழு ஒன்றில் ஏறக்குறைய நூறு பேர் அமர்ந்து வாசிக்கிறார்கள். அவர்களுக்கு முன்பாகச் சிறு கோல் ஒன்றைப் பிடித்து நிற்கிறவர் மாத்திரம் ஓசை ஏதும் எழுப்புவதில்லை. ஆயினும் எல்லாருடைய கண்களும் அவரையே நோக்குகின்றன. அவரே நடத்துநர். இந்த ஸ்தானத்தை ஒருவர் எவ்விதம் அடைகிறார்? ஒரு வாலிபனின் வாழ்க்கை நமக்கு அதைக் காட்டுகிறது.

குஸ்தாவோ டூடமெல், தென் அமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டில், பார்கிசிமேட்டோ நகரில் 1981-ல் பிறந்தவர். தகப்பனார் டிராம்போன் என்னும் ஊதுகருவியை வாசிப்பவர். மகனுக்கும் அதன்மேல்தான் ஆசை. ஆனால் அதன் குழலை நீட்டி இழுக்கச் சிறுவனின் கை எட்டவில்லை. ஆகவே வயலின் அவன் கைக்கு வந்தது. வீட்டில் விளையாட்டுப் பொம்மைகளை இசைக்குழுவைப்போல் வரிசையாக வைத்து, இசைத்தட்டை ஒலிக்கவிட்டு, அவற்றுக்கு முன் நின்று கைகளை அசைப்பானாம்!

அந்நாட்டில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்ற பொருளாதார அறிஞர், 1975-ல் 11 பேரோடு ஒரு கார் கொட்டகையில் இசைப் பயிற்சியைத் தொடங்கினார். அதுவே 'எல் சிஸ்தெமா' என்னும் பெரிய இயக்கமாக வளர்ந்து, எளிய குடும்பத்துப் பிள்ளைகள் அநேகருக்கு இசையைக் கற்பித்தது. பல ஆண்டுகள் தனியே பயின்ற பின்பே குழுவில் சேரலாம் என்ற வழக்கம் அங்கில்லை. ஆரம்பமுதலே பிள்ளைகள் கூடி வாசிப்பார்கள். டூடமெல் அங்கு வளர்ந்த பிள்ளை.

வயலின் வரிசையில் அமர்கிறவன் எதைக் கற்கிறான்? அவ்வரிசையில் எல்லாருடைய வில்லும் ஒன்றாக ஏற வேண்டும், ஒன்றாக இறங்க வேண்டும். தன் ஓசை தனித்துக் கேட்டால் அது திறமையல்ல, பிழை. ஆகவே பக்கத்தில் இருப்பவனுக்குச் செவிகொடுக்கப் பழகுகிறான். நடத்துநரின் வேலையோ, எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் செவிகொடுப்பது. அவர் முன்னிருக்கும் ஏட்டில் ஒரே பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வரிகள் இருப்பதுண்டு. வயலின் வரிசையில் பழகிய செவி அங்கே எத்தனை பயன்படும், பாருங்கள்!

1999-ல், 18 வயதில், சிமோன் பொலிவார் இளைஞர் இசைக்குழு அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. 2004-ல் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் நடந்த குஸ்டாவ் மாலர் நடத்துநர் போட்டியில் வென்றார். 2009-ல், 28 வயதில், லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநரானார். 2023-ல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கும், 2026-ல் தொடங்கும் பொறுப்புக்கு அவரைத் தெரிந்துகொண்டது.

இந்த உயர்வின் நடுவே ஒரு சோதனையும் வந்தது. எல் சிஸ்தெமா அரசின் பணத்தால் நடந்த இயக்கம். நாட்டில் ஜனங்கள் துன்புற்றபோது அவர் ஏன் மவுனமாயிருக்கிறார் என்று பலர் குறைகூறினார்கள். 2017 மே மாதத்தில், அதே இயக்கத்தில் வளர்ந்த வயோலா கலைஞரான இளைஞன் ஒருவன் போராட்டத்தின்போது கொல்லப்பட்டான். அதன்பின் டூடமெல் வாய் திறந்தார். வன்முறையை நிறுத்தும்படி அரசை வெளிப்படையாய்க் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டில், வெனிசுவேலாவின் தேசிய இளைஞர் இசைக்குழுவோடு அவர் மேற்கொள்ளவிருந்த அமெரிக்கப் பயணத்தை அரசு ரத்து செய்தது. அவர் தாமதித்தார் என்போர் உண்டு. ஆனாலும் பேசியதற்கு அவர் விலை கொடுத்தார் என்பதை யாரும் மறுக்க இயலாது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை இசை வகுப்புக்குப் போகிறதா? சில மாதங்களுக்குள் முன்வரிசையில் நிற்கவேண்டுமென்று அவசரப்படாதிருங்கள். பின்வரிசையில் அமர்ந்து பிறருக்குச் செவிகொடுக்கும் காலம் வீணான காலமல்ல. வாலிபனே, இன்று உனக்குக் கோல் கிடைக்கவில்லையே என்று சோர்ந்துபோகாதே. பக்கத்தில் இருப்பவனின் ஓசையைக் கேட்கக் கற்றிருக்கிறாயா? அவன் ஓசை திடீரென்று நின்றுபோனால், அவனுக்காகப் பேசுவாயா?