கெளுத்தி சாட்சி சொல்லுமா?

சித்திரை வெயிலிலும் அடையாற்றங்கரையில் தூண்டில் போட்டால் கெளுத்தி சிக்கும். "மீன் இருக்கிறதே! பிறகு ஆறு செத்துவிட்டது என்று ஏன் கூச்சல்?" என்று கேட்கிறார்கள் சில கனவான்கள்.

தோழர்களே, அந்தச் சாட்சி செல்லாது! ஆப்பிரிக்கக் கெளுத்திக்குச் செவுளோடு காற்றை இழுக்கும் உறுப்பும் உண்டு. விரால் முதல் கெண்டை வரை எது மாண்டாலும், அது சாக்கடையில் கொழுக்கும். வளர்க்கவே தடை உள்ள இனம். பண்ணைகளிலிருந்து தப்பி நம் நீர்நிலைகளில் புகுந்து, நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்கிறது.

ஆற்றின் கதையைப் பாருங்கள். ஆதனூர்ப் பக்கம் பிறந்து 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது இதே ஆறுதான். திருநீர்மலையருகே செம்பரம்பாக்கம் உபரியும் வந்து சேருமே, அன்று அந்த ஏரியிலிருந்து மட்டும் நொடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். கோடையிலோ மதகு மூடிக் கிடக்கும். அப்போது ஓடுவது என்ன? பெரும்பாலும் நம் வீட்டுக் கழிவுநீர்தான்!

அந்தக் கெளுத்தியை யார் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்? வஞ்சிரம் வாங்கக் கூலி போதாத தொழிலாளி. கழிவில் கலந்த உலோகம் மீனின் உடலில் தங்கி, அவர் பிள்ளையின் சோற்றுத் தட்டுக்கு வருகிறது.

2021இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. பம்மலும் அனகாபுத்தூரும் அதில் சேர்ந்தன. வரி வாங்குகிறவர்கள் எந்தத் தெருவின் சாக்கடை எந்தக் கால்வாய் வழியே ஆற்றில் விழுகிறது என்று பட்டியல் வெளியிடட்டும். சுத்திகரிக்காத ஒரு குடம் நீரும் ஆற்றில் இறங்கக் கூடாது. அடுத்த வார்டுக் கூட்டத்தில் முதல் கேள்வியாக இதையே கேளுங்கள்.