யாரைக் கேட்டு ஒப்பிடுகிறோம்?

"எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?" பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவர் இப்படிக் கேட்டால், அவர் எதை அறியப் பார்க்கிறார் என்பது நமக்குத் தெரியும். ஜப்பானிலும் இந்தக் கேள்வி உண்டு. தோல் வேலை, இறைச்சி வேலை செய்ததற்காக ஒதுக்கப்பட்ட புராக்கு மக்களின் இழிநிலையை 1871இல் அரசாணை நீக்கியது. ஆனால், அவர்களின் குடியிருப்புப் பெயர்களைத் தொகுத்த பட்டியலை நிறுவனங்கள் ரகசியமாக விலைக்கு வாங்கிவந்தது 1975இல் அம்பலமானது. வேலை கேட்டு வந்தவரை ஊரைப் பார்த்தே கழிப்பதற்குத்தான் அந்தப் பட்டியல்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு வேறு. அவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அங்கே அடையாளம் தோலின் நிறம். புராக்கு மக்களுக்கோ நமக்கோ அப்படியொரு நிற அடையாளம் இல்லை.

அப்படியானால் சாதியையும் நிறவெறியையும் ஒப்பிடலாமா? சமூகவியல் படிக்கும் நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. கறுப்பின அறிஞர் ஆலிவர் காக்ஸ் 1948இல் வெளியிட்ட நூலில் இரண்டும் வேறு என்றார். நிறவெறி முதலாளித்துவத்தோடு பிறந்தது. சாதியையோ கீழே இருப்பவர்களும் ஏற்றுக்கொண்டார்கள் என்பது அவர் வாதம். இமயமலைக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த ஜெரால்ட் பெர்ரிமன் 1960இல் இதை மறுத்தார். ஒடுக்கப்பட்டவர்கள் தம் நிலையை மனதார ஏற்கவில்லை, உள்ளே குமுறுகிறார்கள் என்று எழுதினார்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. மேலே இருப்பவர் சொன்னதை வைத்து ஒப்பிட்டால் ஒரு விடை வரும். சேரியில் கேட்டுவிட்டு ஒப்பிட்டால் வேறு விடை வரும்.

"வேறு" என்ற சொல் சாக்காகவும் ஆகும். 2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. மாநாட்டில், சாதி வேறு, இனம் வேறு, எனவே சாதியை இங்கே பேசக்கூடாது என்று இந்திய அரசு வாதிட்டது. அடுத்த ஆண்டே ஐ.நா.வின் இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழு, பிறப்புவழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தெளிவுபடுத்தியது.

எனவே மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். எல்லாம் ஒன்று என்று அவசரப்படாதீர்கள். அது வேறு என்று வாயடைப்பவரிடமும் மயங்காதீர்கள். யார் எங்கே குடியிருக்கலாம், யாரை மணக்கலாம், எந்த வேலை யார் தலையில் விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அதை முதலில் உங்கள் ஊரின் கடைசித் தெருவில் கேளுங்கள்.