பழங்கலம் செப்பனிட அறியாதார்க்குக் கடலாண்ட பெருமை எதற்கு?



ஆண்டுதோறும் ஆடித் திங்களில் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கின்றோம். அவ்விழாவையொட்டி எம் பள்ளியில் ஒரு கூட்டம் நடந்தது. எழுபது கொண்டைவளைவுகளையும் கடந்து மலையேறி வந்த பேச்சாளர் ஒருவர் ஓரியின் வில்லில் தொடங்கினார். இராசேந்திர சோழனின் கடற்படையில் முடித்தார். கடாரம் அதிர்ந்தது, கீழைக்கடல் சோழன் ஏரியாயிற்று, கையொலி மலை முழுதும் எதிரொலித்தது. அப்போது எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான். கடலைக் கண்ணாலும் காணாத மலைச்சிறுவன் அவன். "ஐயா, அவ்வளவு தொலைவு போய்வந்த கப்பல் பழசாகிவிட்டால், அதை எப்படிச் சரிசெய்து மறுபடியும் அனுப்பினார்கள்?" என்று கேட்டான்.

பேச்சாளர் நகைத்தார், "நல்ல கேள்வி" என்றார், அமர்ந்துவிட்டார். அவரை மட்டும் குறைகூறி யான் தப்பிக்கவியலாது. முப்பதாண்டு தமிழ் பயிற்றிய என் நாவில் நாவாய், வங்கம், கலம், தோணி, அம்பி, திமில், பஃறி, ஓடம் என்று பெயர்கள் வரிசையாக நின்றன. பலகையின் பொருத்துவாயில் நீர் கசிந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை. அந்த நாணமே இக்கட்டுரையை எழுதுவிக்கின்றது.

அச்சிறுவன் கேட்டது சிறு கேள்வி அன்று. புதுக்கலம் ஒன்றைச் செல்வமுடையான் எவனும் கட்டுவித்துவிடலாம். உழைத்துத் தேய்ந்த கலத்தை ஆராய்ந்து, அதன் நோய் கண்டு, மருந்திட்டு, மீண்டும் நெடுங்கடலுக்கு அனுப்பும் இனமே கடலோடி இனம். அவ்வறிவு நம்மிடம் இருந்தது. சோழர் காலத்தில் மட்டுமன்று. நம் பாட்டன்மார் காலத்திலும் இருந்தது. அதற்குச் சான்று வேண்டுவோர் ஈழத்து வல்வெட்டித்துறையைக் காண்க.

அவ்வூரில் 1930 ஆம் ஆண்டு 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்மரக்கலம் கட்டப்பெற்றது. நீளம் 89 அடி, அகலம் 19 அடி, பாய்மரம் இரண்டு. பெயர் வடமொழிப் பெயரேனும் கட்டிய கை தமிழ்க்கை. அதனை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் இராபின்சன் என்பார் விலைக்கு வாங்கினார். அவர் கலமறியாத செல்வரல்லர். 1928 முதல் 1931 வரை 'சுவாப்பு' என்னும் சிறுகலத்தில் உலகைச் சுற்றி வந்தவர். மரக்கலத்தின் குறையும் நிறையும் அறிந்தவர். அத்தகையவர், பல்லாண்டு கடலில் கிடந்த தமிழன் கலத்தை நம்பினார். அக்கலம் வல்வைக் கடலோடிகளுடன் செங்கடலும் சூயசுக் கால்வாயும் நடுநிலக்கடலும் கடந்து, அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938 ஆகத்தில் அமெரிக்காவின் குளோசுட்டர்த் துறையை அடைந்தது. அப்போது அதன் அகவை எட்டு. ஆனால் துறையில் அது தாங்கி நின்ற பெயர் 'புளோரன்சு சி. இராபின்சன்'. பணம் கொடுத்தவன் தன் மனைவி பெயரை எழுதிக்கொண்டான். அஃது அவன் உரிமை. கட்டியவன் பெயரையும் ஓட்டியவன் பெயரையும் நம் பிள்ளைகள் நாவில் எழுதாதது யார் குற்றம்?

இனி, அச்சிறுவனுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடைக்கு வருவோம்.

பழைய மரக்கலத்தை முதலில் கரையேற்றி, முட்டுக்கொடுத்து நிறுத்தி, அடியில் ஒட்டிய பாசியையும் கொட்டலசையும் சுரண்டியெடுக்க வேண்டும். பின்னர்ப் பலகைதோறும் சுத்தியால் தட்டிக் காதால் கேட்க வேண்டும். நல்ல மரம் கணீரென்னும். உளுத்த மரம் மொத்தென்னும். கப்பற்புழு எனப்படுவது உண்மையில் புழுவன்று, சிப்பி இனம். வெளியே ஊசிமுனைத் துளையும் உள்ளே விரல் நுழையும் குடைவுமாகப் பலகையைத் தின்றுவிடும். கண்ணை மட்டும் நம்புவோன் கலத்தை இழப்பான். இன்னொன்றும் அறிக: மரத்தை அழுகச் செய்வது பெரும்பாலும் கடல்நீரன்று, மழைநீரே. உப்பு பூசணத்தைத் தடுக்கும். தேங்கிய நன்னீர் அதனை வளர்க்கும். ஆதலின் மேற்றளத்து இடுக்குகளையும் பாய்மரத்தின் அடிப்பகுதியையும் குத்திப் பார்க்காமல் விடலாகாது. துருவேறிய ஆணி தான் கெடுவதோடு தன்னைச் சூழ்ந்த மரத்தையும் கெடுக்கும். அதனைப் பிடுங்கி மாற்ற வேண்டும்.

அடுத்தது கலப்பற்று. பலகைகளின் பொருத்துவாயிலுள்ள பழம்பஞ்சைக் கெல்லியெடுத்து, புதுப்பஞ்சையோ நாரையோ உளிகொண்டு இறுக்கி, குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிப் பூசும் பணி இது. குறைவாக இறுக்கினால் நீர் புகும். மிகையாக இறுக்கினால், நீரில் ஊறிப் பருத்த பலகை தன் ஆணியையே தளர்த்திவிடும். எவ்வளவு போதும் என்பதை நூல் சொல்லாது. உளியின் ஒலிதான் சொல்லும்.

பாயில் துணிக்கு முன்னே தையல் வெயிலில் இற்றுப்போகும். ஆதலின் தையலை இருமடியாக்க வேண்டும். கயிற்றின் புரிகளைப் பிரித்து உள்ளே பார்க்க வேண்டும். பொடி உதிருமாயின் அக்கயிறு உயிரைத் தாங்காது. கனமான சுமை அடியில் இருத்தல் வேண்டும். குடிநீரை ஒரே கலனில் வையாது பலவற்றில் பகிர்ந்து வைத்தல் வேண்டும். எல்லாம் முடிந்த பின்னும் நெடும்பயணம் தொடங்கலாகாது. இரண்டு மூன்று நாள் கரைக்கு அருகே காற்றில் ஓட்டி, ஒரு மணிநேரத்தில் எவ்வளவு நீர் ஊறுகின்றது என்று அளந்த பிறகே கரையை மறக்கலாம்.

"பொறிக்கலம் வந்தபின் இதெல்லாம் எதற்கு?" என்று நம்முள்ளேயே சிலர் கேட்பர். இந்தியக் கடற்படையின் 'தாரிணி' என்னும் பாய்க்கலத்தை அவர்களுக்குக் காட்டுகின்றேன். 2017 இல் படையில் சேர்ந்து, அவ்வாண்டே பெண்கள் அறுவருடன் உலகைச் சுற்றப் புறப்பட்டு 2018 இல் திரும்பிய கலம் அது. அதே கலத்தைச் செப்பனிட்டு, 2024 அக்டோபர் 2 ஆம் நாள் கோவாவிலிருந்து இருவரே மீண்டும் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவருள் ஒருவர் புதுச்சேரித் தமிழ்ப்பெண் உரூபா அழகிரிசாமி. மற்றவர் கேரளத்துத் தில்னா. 25,000 கடல்மைலுக்கு மேல் பாயாலேயே ஓடி, 2025 மே 29 இல் கரைசேர்ந்தனர். அக்கலத்திற்கும் அப்போது அகவை எட்டு! உடல் கண்ணாடியிழையாக இருப்பினும் பாயும் கயிறும் சுக்கானும் கேட்கும் கவனம் ஒன்றே. பழங்கலம் பழங்கதை அன்று.

ஆயின் நாம் என்ன செய்கின்றோம்? கடாரப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டை 2025 இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் கொண்டாடினோம். கொண்டாடுக; யான் மறுக்கவில்லை. அக்கடற்படைக் கலம் ஒன்றன் வரைபடமேனும் நம் கையில் உண்டா? அதே 2025 இல் கடற்படை 'கவுண்டின்யா' என்னும் தைத்த கலத்தைச் சேர்த்துக்கொண்டது. அசந்தாக் குகை ஓவியத்தைப் பார்த்து அதற்கு உருவம் வகுத்தனர். ஆயினும் ஓவியம் பலகையைத் தைத்துத் தரவில்லை. கேரளத்துக் கைவினைஞரின் கைகளே தைத்தன. கைகள் மறைந்தபின் ஓவியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தூத்துக்குடித் தோணிகளில் பொறி ஏறிவிட்டது. பாய் கட்டி ஓட்டிய முதியோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். அவர்களோடு சொற்களும் போகின்றன: அடிமரமாகிய ஏரா, விலாவெலும்பாகிய வங்கு, முன்புறமாகிய அணியம், பாயேற்றும் கயிறாகிய ஆஞ்சான். நம் கட்டுமரம் ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. ஆஞ்சானோ நம் நாவில்கூட ஏறவில்லை. 'சுக்கான் அரபுச்சொல்லன்றோ?' என்று புலவர் சிலர் முகஞ்சுளிப்பர். தூய்மை பேசும் யானே சொல்கின்றேன்: கடலோடி வாயில் உள்ளதை உள்ளவாறே முதலில் எழுதி வைப்போம், களைபறிப்பது பின்னர் ஆகட்டும். பயிரே இல்லாத நிலத்தில் களைபறிப்பது எவ்வகை உழவு?

ஆதலின், தமிழ்ப்பற்றுடையீர், மேடைக்குச் செலவிடும் பொழுதில் பாதியைக் கடற்கரைக்குக் கொடுங்கள். கரையோரத் தோழர்கள் ஊருக்கொரு முதிய கலத்தச்சரிடம் சென்று, அவர் செய்வதையும் சொல்வதையும் பதிவு செய்யுங்கள். பழந்தோணி ஒன்றையேனும் உடைத்து விறகாக்காமல், செப்பனிட்டுப் பாய்கட்டி, இளைஞர்க்குப் பயிற்சிக் கலமாக்குமாறு அரசை வலியுறுத்துங்கள். அன்னபூரணியின் பயணத்தைப் பள்ளிப் பாடமாக்குங்கள்.

யான் என் பங்கைத் தொடங்கிவிட்டேன். அம்மாணவனை அழைத்துக் கட்டுரையிலுள்ள அனைத்தையும் கூறினேன். கேட்டுவிட்டு, பள்ளிக்குப் பின்னாலிருந்த பலாமரத்தைச் சுத்தியால் தட்டிப் பார்த்தான். "இது கணீர் என்கிறது ஐயா, இதில் கப்பல் செய்யலாமா?" என்றான்.

அவனுக்கு விடை சொல்ல ஒரு கலத்தச்சர் வேண்டும். அவர் உயிரோடிருக்கும்போதே தேடுவோம்.