ஒரே ஓப்பனிங்கில் 2 முறை சிக்கிய கிராம்னிக்! மனப்பாடம் மட்டும் போதுமா?

சென்னை: பிள்ளையை செஸ் கிளாசில் சேர்த்த பெற்றோர் பலரும் முதலில் கேட்பது, "எத்தனை ஓப்பனிங் மனப்பாடம் ஆச்சு?" என்பதுதான். 2024-ல் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதும் இந்த ஆசை இன்னும் கூடிப்போச்சு. ஆனால் மனப்பாடம் மட்டும் போதுமா? இதற்கு பதில், ஆனந்தின் பழைய ஆட்டத்திலேயே இருக்கு.

2008 அக்டோபர். ஜெர்மனியின் பான் நகரில் உலக சாம்பியன் போட்டி. ஆனந்தும் ரஷ்யாவின் கிராம்னிக்கும் மோதினர். மொத்தம் 12 ஆட்டம். முதல் இரண்டும் டிரா.

மூன்றாவது ஆட்டத்தில் ஆனந்துக்கு கறுப்பு காய். ஆடியது 'மெரான்' ஓப்பனிங். 14-வது நகர்த்தலில் பிஷப்பை பி7 கட்டத்தில் வைத்தார் ஆனந்த். ஒரு சிப்பாயை வெட்ட விட்டார். தன் ராஜாவை பாதுகாப்பு இல்லாமல் நடுவிலேயே விட்டார். யானையை மட்டும் எதிராளி ராஜா பக்கம் திருப்பினார். எல்லாம் வீட்டிலேயே போட்டு வைத்த கணக்கு. கிராம்னிக் யோசிக்க யோசிக்க கடிகாரம் ஓடியது. 41 நகர்த்தலில் ஆட்டம் ஆனந்துக்கு.

சூடு பட்ட பூனை அடுப்பங்கரை பக்கம் போகாது என்பார்கள். கிராம்னிக் போனார்! ஐந்தாவது ஆட்டத்திலும் அதே ஓப்பனிங்.

இடையில் அவரும் சும்மா இருக்கவில்லை, விடை தேடி படித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் 15-வது நகர்த்தலிலேயே ஆனந்த் பாதையை மாற்றினார். யானை ஜி8 கட்டத்துக்கு போனது. படித்த பாடம் வேறு, வந்த கேள்வி வேறு.

அப்பவும் கிராம்னிக் தோற்றுவிடவில்லை. ஆட்டம் சமமாகத்தான் போனது. 29-வது நகர்த்தலில் சிப்பாய் சும்மா கிடைக்குதே என்று குதிரையால் வெட்டினார். அங்கேதான் மாட்டினார். 34-வது நகர்த்தலில் ஆனந்த் தன் குதிரையை பலி கொடுத்தார். வழி கிடைத்த கறுப்பு சிப்பாயை தடுக்க ஆளில்லை. மறு நகர்த்தலிலேயே கிராம்னிக் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஆறாவது ஆட்டமும் ஆனந்துக்கே. கடைசியில் 6.5 - 4.5 என்ற கணக்கில் பட்டத்தை தக்க வைத்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஓப்பனிங் தயாரிப்பு ஆனந்துக்கு நேரத்தையும், தனக்கு பழகிய களத்தையும் கொடுத்தது. ஆட்டத்தை முடித்ததோ, பலகை முன் உட்கார்ந்து ஐந்து நகர்த்தல் தள்ளி பார்த்த கண்.

பிள்ளை 15 நகர்த்தல் ஒப்பித்தால் பாராட்டுங்க. கூடவே, "ஏன் அப்படி வச்சே?" என்றும் கேளுங்க. பதில் வந்தால்தான் கட்டின பீசுக்கு பலன்!